அக்காவின் மூக்கு

எழுபத்திரண்டு கேன் பாலை முகர்ந்து பார்த்து 'சரி' சொன்ன ரேணுகா, எழுபத்து மூன்றாவது கேனைத் திறந்ததும் மூடியைக் கைநழுவ விட்டுவிட்டு ஓடினாள். மூடி சிமென்ட் தரையில் உருண்டு, சுழன்று, ஓய்கிற வரை பால் நிலையத்தில் எல்லாரும் அதையே பார்த்தார்கள். அவள் போய் நின்றது குளிரூட்டும் தொட்டியின் பின்பக்கம். நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வேர்த்தது. எதைக் கண்டு பயந்தாய் என்று கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை.

துறையூர் வட்டாரத்தில் 2038லும் பாலை இயந்திரத்திடம் முழுசாக ஒப்படைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கொழுப்பை அளக்க ஒரு பெட்டி, தண்ணீரைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி என்று எல்லாம் இருந்தது. ஆனாலும் மூடி திறந்த முதல் நொடியில் எழும்புகிற வாடையைப் பிடித்து, இது நேற்றைய பால், இந்த மாடு வேப்பந்தழை தின்றிருக்கிறது என்று சொல்ல ஒரு மூக்கு வேண்டும் என்பார்கள். ஒரு காலத்தில் அந்த மூக்கு ரேணுகாவுடையது. முப்பது வயதில், இரண்டாம் அலையில், அதைக் கொரோனா கொண்டுபோனது. கூடவே நிச்சயமாகியிருந்த கல்யாணத்தையும், மாடிப்படி ஏறுகிற தெம்பையும், பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை தொலையாமல் இருக்கிற வரத்தையும் கொண்டுபோனது. பதினேழு வருஷம் மேசையில் உட்கார்ந்து கேன்களுக்கு எண் ஒட்டினாள். போன வாரம்தான் மறுபடி அவளைக் கேன் வரிசைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

எழுபத்து மூன்றாவது கேனின் சொந்தக்காரர் பெரியண்ணன் விடுகிற ஆள் இல்லை. தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, எம் பாலு அவ்வளவு நாறுதா? முப்பது வருசமா ஊத்துறேன், ஒரு நாளு திருப்பி விட்டதில்ல. நீ பாம்பக் கண்ட மாதிரி ஓடுற!"

அவர் நெருங்க நெருங்க அந்தப் பயமும் நெருங்கியது. பாலில் இல்லை, இவரிடம் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சட்டைப்பை லேசாகப் புடைத்திருந்தது.

"பையில என்னண்ணே வச்சிருக்கீங்க?"

"சளி புடிச்சிருக்கு. ஓமமும் கற்பூரமும் துணியில முடிஞ்சு வச்சிருக்கேன், அப்பப்ப மோந்துக்கறதுக்கு. ஏன், அதுவும் கெட்டுப்போச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரேணுகாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பால் நல்ல பால், தப்பு என் மேல் என்று பெரியண்ணனிடம் சொல்லிவிட்டு, மேலதிகாரியிடம் அரை நாள் விடுப்புக் கேட்டுக் கிளம்பினாள். ஓமத்தைப் பார்த்துப் பயப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆனால் மூக்கு அவளுடையது இல்லையே.

திருச்சியில் டாக்டர் ஜெசிந்தாவின் மருத்துவமனையில் மோப்பத்தை மீட்கிற அந்தச் சிகிச்சைக்கு வைத்திருந்த பெயர் பெரியது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக மூக்குப் பதியன் என்றார்கள், ரோஜாக்கிளைக்குப் பதியன் போடுவதுபோல. டாக்டரே அப்படித்தான் விளக்கியிருந்தார். "நரம்ப முளைக்க வைக்கிறது இப்ப சுலபம் ரேணுகா. முளைச்ச நரம்புக்கு எது மல்லி, எது மண்ணெண்ணெய்னு தெரியாது. அத யாராவது சொல்லிக் குடுக்கணும். ரத்த சம்பந்தம் உள்ளவங்க மூளையில இருக்கற வாசனைப் பதிவ எடுத்து உங்க மூளைக்குக் காட்டுவோம். அவங்க மூக்கு உங்களுக்குப் பாடம் எடுக்கற மாதிரி வச்சுக்குங்க."

ரத்த சம்பந்தம் என்று மிச்சமிருந்தது ஒரே ஆள்தான், அக்கா மங்கையர்க்கரசி. அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். அந்த வருஷம் வீட்டில் அப்பா படுத்தார், ரேணுகா படுத்தாள், பக்கத்து வீட்டில் மூன்று பேர் படுத்தார்கள். எல்லாரையும் தூக்கி, துடைத்து, கஷாயம் காய்ச்சிக் கொடுத்த மங்கைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஏழு முறை எடுத்த சோதனையிலும் தொற்று இல்லை என்றே வந்தது. "கொரோனா என்னைப் பாத்ததும் ஓடிப்போச்சுடி" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். நுரையீரல் சுத்தம், ரத்தம் சுத்தம். பதியனுக்கு இதைவிடத் தோதான தாய்ச்செடி கிடைக்காது என்று மருத்துவமனையில் சந்தோஷப்பட்டார்கள். மங்கைதான் இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாவது தடவை ரேணுகா அழுதபோது கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மாதத்தில் ஒவ்வொரு வாடையாகத் திரும்பி வந்தது. அக்காவின் குணமும் ஒட்டிக்கொண்டு வந்தது. ரேணுகாவுக்கு உயிராக இருந்த பலாப்பழம் குமட்டியது. புதுப் பந்தின் ரப்பர் வாடை காரணமில்லாத உற்சாகத்தைத் தந்தது. ஒருநாள் அத்தான் வந்து பக்கத்தில் நின்றபோது, அவர் ஷேவிங் லோஷன் மூக்கில் பட்டதும், இந்த மனுஷன் ஈரத் துண்டை மறுபடி கட்டிலில் போட்டிருப்பார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சிரித்தாள். அக்காவின் மனசுக்குள் இவ்வளவு தூரம் யாரும் போனதில்லை.

இன்றைய பயம் அந்த மாதிரிச் சிரிப்புக்குரியது இல்லை.

பால் நிலையத்து வாசலில் ஆட்டோ பிடித்தாள். வண்டி வெயிலில் நின்று காய்ந்திருந்தது. உட்கார்ந்த கணத்தில் சூடேறிய ரெக்சின் சீட்டின் வாடை எழும்பியது. மறுபடியும் அதே பயம், இந்தத் தடவை அதற்குள் ஓர் அவசரமும் இருந்தது. யாரோ காத்திருக்கிறார்கள், நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஏதாவது செய் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கடைவீதி முனையிலேயே இறங்கிவிட்டாள். மிச்ச தூரம் நடந்தாள். பத்தடிக்கு ஒருமுறை நின்றாள், நாலெட்டு வைத்தாலே நாடித்துடிப்பு நூற்று நாற்பதுக்கு ஏறுகிற உடம்பு அது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் விழுந்தாள். மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் படுக்காவிட்டால் மறுநாள் எழுந்திருக்க முடியாது, பதினேழு வருஷப் பழக்கம். தலையணையில் முகம் புதைத்தாள்.

அங்கே இருந்தது.

மனித வாடை கடைசியாகத்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்றைக்கு வந்திருந்தது. எண்ணெயும் வேர்வையும் கலந்து, தலைமுடியில் ஊறி, உறையில் படிந்த ஒரு வாடை. ஓமத்தில் சின்னதாகவும் ரெக்சினில் கொஞ்சம் பெரியதாகவும் இருந்த பயம் இதில் முழுசாக நின்றது. அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். தலையணையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். வாடை போகவில்லை. புடவையில் இருந்தது, கையில் இருந்தது. குளித்தாள். அரை மணியில் மறுபடி வந்தது. அக்காவின் மூக்கு இந்த உலகத்திலேயே அதிகமாகப் பயப்படுகிற பொருள் ரேணுகாதான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அன்றைக்கு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மறுநாள் திருச்சிக்கு பஸ் ஏறினாள்.

"பதட்டப்படாதீங்க. வாடையோட கொஞ்சம் மனசும் சேர்ந்து வரும்னு நான் முன்னாடியே சொன்னேன்ல?" என்றார் டாக்டர் ஜெசிந்தா.

"அக்காவுக்குப் பலாப்பழம் பிடிக்காதுன்னா எனக்கும் பிடிக்காதுன்னு சொன்னீங்க டாக்டர். என்னையே எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லல."

டாக்டர் மங்கையின் பதிவைத் திரையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். "இது பிடிக்காதது இல்ல ரேணுகா. பயம். மூணு வாடையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுக் கெடக்கு. ஓமம் கற்பூரம், சூடான ரெக்சின், அப்புறம் நீங்க. மூணும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல பதிஞ்சது. அது எந்த நாள்னு இந்தப் படம் சொல்லாது."

"இது அப்ப உங்களுக்குத் தெரியலையா?"

"உடம்பத்தான் பாத்தோம். நோய் வராத ஆளு, ரிப்போர்ட் எல்லாம் அவ்வளவு சுத்தம். மனசுக்கு ஒரு படிவம் குடுப்போம். பயம் உண்டா, தூக்கம் கெடுதா, எதையாவது தவிர்க்கறீங்களான்னு நாப்பது கேள்வி. நாப்பதுக்கும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. நாங்க அதுக்கு மேல கேக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. தொற்று வந்தவங்களுக்குத்தான் எல்லா வார்டும், எல்லா ஆராய்ச்சியும்."

பதியன் போட்டு அன்றைக்கு எண்பத்தேழு நாள். தொண்ணூறுக்குள் வந்தால் அழித்துவிடலாம். அழித்தால் இன்னொரு பதியன் போட முடியாது, நரம்பு ஒரு தடவைதான் பாடம் கேட்கும். அழிக்காவிட்டால் பயம் அவளோடு தங்கிவிடும். காபி வாசனையும் மழை வாசனையும் இருக்கும், கேன் வரிசை இருக்கும், தன் உடம்பைக் கண்டு தானே நடுங்குவதும் இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டே வந்தாள், உட்கார்ந்தால் சீட்டு வாடை அடித்தது. மூச்சு முட்டும்போது கம்பியைப் பிடித்துக் குனிந்துகொண்டாள். ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. தினமும் சாப்பாடு கொண்டுவரும் அக்கா, பதினேழு வருஷமாக வாசற்படியைத் தாண்டி ஓரெட்டுக்கு மேல் வந்ததில்லை. தூக்குவாளியை வைப்பாள், "இன்னும் படுத்தேதான் கெடக்கியா?" என்று கேட்பாள், போய்விடுவாள். என்னைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறாள், சீக்காளித் தங்கை என்று அருவருக்கிறாள் என்று ரேணுகா எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறாள். தெரியாமல்தான் திட்டியிருக்கிறாள்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்கே போனாள். விளையாட்டு விழாவுக்காக மங்கை ஓடுதளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்று வயதிலும் முதுகு வளையாத உடம்பு, கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்பு வாளி.

"என்னடி இந்த நேரத்துல? வேலைக்குப் போகல?"

"அக்கா, வேனுக்குள்ள என்ன நடந்துச்சு?"

வேன் என்று அவளாகத்தான் சொன்னாள். சூடான ரெக்சினும், மூக்கில் வைத்துக்கொள்கிற ஓமப் பொட்டலமும், தானும் ஒன்றாக இருந்த ஒரே இடம் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாடகை வேன்தான். அதில் ஏறியது நினைவிருக்கிறது, இறங்கியது நினைவில்லை.

மங்கை கோட்டை நிறுத்தவில்லை. "என்ன நடந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெண்டு பேருக்கும் பெட்டு கெடச்சுச்சு. அப்பா மூணாம் நாளு தூக்கத்துல போய்ட்டாரு. எத்தன தடவ சொல்றது?"

"உன் மூக்கு வேற சொல்லுது."

வாளி சாய்ந்து சுண்ணாம்பு ஓரிடத்தில் குவியலாகக் கொட்டியது. மங்கை அதைக் காலால் தள்ளி ஒழுங்கு செய்துவிட்டு மேலே நடந்தாள். ரேணுகாவும் கூடவே நடந்தாள். முதல் வளைவு வரைக்கும் தாக்குப்பிடித்தாள். பிறகு கண் இருட்டியது, கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மங்கை ஓடிவந்தாள். ஓடிவந்து இரண்டு எட்டு தள்ளி நின்றாள்.

"கிட்ட வா," என்றாள் ரேணுகா. "ஏன் நிக்கிற? என் தலையணைய மோந்தா எனக்கே பயமா இருக்குக்கா. குளிச்சாலும் போக மாட்டேங்குது. இது எனக்கு ரெண்டு நாளாத்தான். உனக்குப் பதினேழு வருசம்."

மங்கை முதலில் மைதானத்தைப் பார்த்தாள். பசங்கள் எல்லாம் போயிருந்தார்கள். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினாள், எப்போதும் இல்லாத சின்னக் குரலில்.

"பெட்டு இல்லன்னுட்டாங்க. வெளிய வரிசையில வேனோட பதினோரு மணி நேரம் நின்னோம். ஒரே ஒரு சிலிண்டர், ஒரு மாஸ்க்கு. ஆக்சிஜன் அளவு அப்பாவுக்கு எம்பத்தொண்ணு காட்டுச்சு, உனக்கு அறுபத்தெட்டு. என்ன பண்றது? பத்து நிமிசம் அவருக்கு, பத்து நிமிசம் உனக்குன்னு மாத்தி மாத்தி வச்சேன். ஸ்டாப்வாட்ச் கையிலதான் இருந்துச்சு. பசங்களுக்கு முறை குடுக்கற மாதிரி முறை குடுத்தேன்டி. அதுதான எனக்குத் தெரியும்? மாஸ்க்க எடுக்கறப்பல்லாம் அந்த ஓமப் பொட்டலத்த மூக்குல வச்சேன், அதுலயாவது மூச்சு வரும்னு. பைத்தியக்காரி."

"அப்புறம்?"

"முள்ளு அடில வந்துருச்சு. சிலிண்டர் தீரப் போவுது. உன் முறை முடிஞ்சுது. நான் எடுக்கல."

ரேணுகா அவசரமாகக் குறுக்கிட்டாள். "அப்பாவே சொல்லியிருப்பாரு. பிள்ளைக்கு வைன்னு."

"சொல்லல." மங்கை தலையை ஆட்டினாள். "நீ அப்படித்தான் நெனப்பேன்னு தெரியும். நானும் அப்படி ஒரு கதைய உண்டாக்கப் பாத்தேன், என்னால முடியல. அவரு கேட்டாரு ரேணு. பேச வரல, கைய நீட்டினாரு. என் முறைன்னு கேக்கற மாதிரி. நான் அந்தக் கையப் புடிச்சு என் மடியில வச்சு அமுக்கிக்கிட்டேன். விடவே இல்ல. இந்தப் பக்கம் உன் தலை என் தோள்ல கெடந்துச்சு. அவரு அடங்கற வரைக்கும் உன் முடிதான் என் மூக்குல. அப்புறம் ஒரு பெட்டு காலியாச்சுன்னு வந்து உன்னத் தூக்கிட்டுப் போனாங்க."

மைதானத்துக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ரேணுகாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அப்பா கையை நீட்டினார் என்பது நெஞ்சில் குத்தியது. என்னை யார் காப்பாற்றச் சொன்னது என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் அது நியாயமாக இருந்திருக்காது, உயிரோடு உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது. தன் உடம்பிலிருந்து எழும்பிய வாடை அதற்குள் அந்தப் பயத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. இப்போது அதற்குப் பெயர் தெரிந்திருந்தது.

"அதுக்கப்புறம் நான் ஸ்டாப்வாட்சத் தொடல. நேரம் பாக்கறதெல்லாம் சயின்ஸ் சார்தான்," என்றாள் மங்கை. பிறகு விசிலைப் பிடித்து இழுத்து, டீச்சர் குரலுக்குத் திரும்பினாள். "சரி விடு. தொண்ணூறு நாளுக்குள்ள அழிக்கலாம்னு கையெழுத்து வாங்கறப்பவே சொன்னாங்கல்ல, நாளைக்கே போயி அழிச்சிட்டு வந்துரு. இது உனக்கு வேணாம்."

"அழிச்சா எனக்குப் போயிரும். உனக்கு?"

"எனக்கென்ன? எனக்குத்தான் கொரோனாவே வரலையே."

கல்யாண வீடுகளில் சொல்கிற அதே வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது.

ரேணுகா எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தெம்பில்லாத கைதான், மங்கை நினைத்திருந்தால் உதறியிருக்கலாம். உதறவில்லை. சுண்ணாம்புக் கோட்டின் மேல் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். ரேணுகா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வரப்போகிற வாடைக்குத் தயாரானாள்.

ஒன்றும் வரவில்லை. மூக்கை அழுத்தி இழுத்தாள், கழுத்தில், முடியில், வேர்வை ஊறிய காலரில். ஒன்றுமே இல்லை. தன் வாடை தனக்குத் தெரியாது என்பது எல்லாருக்கும் பொதுவானது, அக்காவுக்கும் அப்படித்தான். அவள் மூக்கை வாங்கியவளுக்கும் அக்காவுக்கு வாடை கிடையாது. மூன்று நாளாக எங்கேயும் நிற்க முடியாமல் அலைந்த ரேணுகாவுக்கு, பயம் இல்லாத ஓரிடம் இருந்தது.

அப்போதுதான் கவனித்தாள், சாய்ந்திருந்த அந்த மார்பு அசையவில்லை. மங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அழிக்கப் போறதில்லக்கா," என்றாள் ரேணுகா. "நீ ஒருத்தியே எவ்வளவு நாளு வச்சிருப்ப?"

மங்கை பதில் சொல்லவில்லை. சொல்ல மூச்சு வேண்டும்.

"மூச்சு விடுக்கா."

அவள் தலையை மட்டும் அசைத்தாள், மாட்டேன் என்று. கழுத்து நரம்பு புடைத்தது. விளையாட்டுக்காரியின் நுரையீரல், வெகுநேரம் தாங்கியது. பிறகு தாங்க முடியாமல் ஒரு கேவலோடு இழுத்தாள், தங்கையின் தலைமுடிக்குள்ளிருந்தே இழுத்தாள். உடம்பு தூக்கிப் போட்டது. எழுந்து ஓடத் திமிறினாள், ஒரு கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினாள்.

ரேணுகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.